பார்த்தது நிஜம், சொன்னது பொய்

அன்புள்ள அருள்,

எனக்குக் கண் மங்கிவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். அது தவறு. போன வாரம் கும்பகோணம் போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். புரை எடுத்த இரண்டு கண்ணும் தெளிவாக இருக்கின்றன, இந்த வயதில் இவ்வளவு பார்வை அபூர்வம் என்று டாக்டர் சொன்னார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் கிளம்பிய டவுன் பஸ்ஸின் பலகையைப் படித்தேன். நம் ஊர்க்காரர்கள் என்னை மன்னிப்பதற்குக் கண்டுபிடித்த காரணம்தான் கண். "பாவம், வயசாயிடுச்சு, அந்த மழையில அவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்" என்கிறார்கள். நல்ல மனத்தோடு சொல்கிறார்கள் என்று தெரியும். ஆனால் அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். அன்று நான் பார்த்தது அத்தனையும் அங்கே இருந்தது. நீ இருந்தாய், உன் கையில் மண்வெட்டி இருந்தது, வரப்பின் வாய் திறந்திருந்தது, தண்ணீர் பக்கத்து வயல்காரர் கலியபெருமாளின் வயலுக்குள் ஓடியது. என் கண் எதையும் தவறாகப் பார்க்கவில்லை. பார்த்ததை வைத்து நான் சபையில் சொன்னதுதான் பொய்.

இதற்கு முன்னால் வேறொன்று சொன்னார்கள். கன்றுக்குட்டிக்காகச் சொந்த மகன்மேல் தேரை ஏற்றிய ராஜாவுக்குப் பிறகு இந்த அம்மாதான் என்றார்கள். அதை மறுக்காமல் நான் கேட்டுக்கொண்டேன். பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் எனக்கு வழிவிட்டு நின்றபோது தலையை நிமிர்த்தி நடந்தேன். அந்தப் பெருமையையும் இப்போது திருப்பிக் கொடுக்கிறேன். உன்மேல் நான் குற்றம் சொன்னது சமுதாயக்கூடத்தில், ஊர் முன்னால். அதனால் இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை அந்தக் கூடத்துப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்றை நம் பங்குக் கோயிலின் மாதப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். நாலு பேர் அறியச் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திரும்பப் பெறுவது நேர்மையாகாது.

நான் எப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கான்வென்டில் எங்களுக்கு சினிமா கிடையாது. ஆனால் எங்களைப் பார்ப்பதற்கு எப்போதும் ஒருவர் இருந்தார். படிப்பு நேரத்தில் மாடி வராந்தாவில் ஒரு சிஸ்டர் நிற்பார். ஒரு மாலை நான் கீழே உட்கார்ந்து வாய்ப்பாட்டை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பெண்ணோடு பேசினாய் என்று கூப்பிட்டு முழங்காலில் நிற்க வைத்தார். "அவளைக் கேட்டுப் பாருங்க சிஸ்டர்" என்றேன். "எதுக்குக் கேக்கணும்? நான்தான் பாத்தேனே" என்றார். முழங்கால் எரிந்ததைவிட அந்த வார்த்தை எரிந்தது. நான் பெரியவளானால் யாரையும் அப்படி நிற்க வைக்க மாட்டேன் என்று அன்று நினைத்தேன். நினைப்பது சுலபம்.

கல்யாணமான பிறகு உன் அப்பா என்னைக் கும்பகோணத்துக்கு மர்மப் படங்களுக்கு அழைத்துப் போனார். பாட்டுக்கும் அழுகைக்கும் ஊரே போகும். நாங்கள் கொலைக்குப் போவோம். கறுப்பு வெள்ளையில் ஒரு படிக்கட்டு, அதில் இறங்கும் ஒரு ஜோடி ஷூ, மூடிய கதவுக்குக் கீழே ஒரு வெளிச்சக் கோடு. இடைவேளையில் உன் அப்பா முறுக்கு வாங்கி வருவதற்குள் நான் கொலைகாரனைச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். "உன்ன போலீஸ்ல சேத்திருக்கணும், தப்பிச்சுட்டாங்க எல்லாரும்" என்பார். ஆனால் பஸ்ஸில் வரும்போது வேறொன்றும் சொல்வார். "அவன் முகத்தைக் காட்டறான், அப்புறம் கத்தியைக் காட்டறான். அந்த முகம் அந்தக் கத்தியைத்தான் பாத்துச்சுன்னு யாரு சொன்னா? நம்மதான் சொல்லிக்கிறோம். ஒட்டறது அவன் இல்ல, நாம." நான் அதைப் பாதிதான் கேட்பேன். அடுத்த படத்தில் யார் கொலைகாரன் என்பதில் எனக்கு இருந்த அக்கறை, ஒட்டுகிறவர் யார் என்பதில் இருந்ததில்லை.

உனக்கு அம்மை போட்டிருந்த நாட்கள் நினைவிருக்கிறதா? வேப்பிலைப் படுக்கையில் நீ சலித்துப் போனாய் என்று பழைய மர்மப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். மணிக்கூண்டில் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் ஒருவன், மேலே இருந்தபடி, தூரத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் ஒரு மனிதன் குழி வெட்டுவதைப் பார்க்கிறான். சத்தம் கேட்காது, உருவம் மட்டும். அந்த வீட்டு மனைவியைச் சில நாட்களாகக் காணவில்லை. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "பாரு, புதைக்கப் போறான்" என்றேன். நீ சொறியாமல் இருக்கப் போட்ட கையுறையோடு கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு, "மரம் வைக்கிறாரோ என்னவோம்மா" என்றாய். நான் சிரித்தேன். கடைசியில் மணிக்கூண்டுக்காரன் சொன்னதுதான் சரியாயிற்று. "பாத்தியா?" என்று உன்னிடம் வெற்றியோடு கேட்டேன். நீ, "அந்த ஆள்கிட்ட யாரும் கேக்கவேயில்லையேம்மா" என்றாய். அதையும் நான் பாதிதான் கேட்டேன்.

இப்போது யோசிக்கும்போது அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடு இருந்தது தெரிகிறது. ஒருவர் பார்த்துவிடுவார். யாரும் அவரை நம்ப மாட்டார்கள். போலீஸ் சிரிக்கும், குடும்பம் மருந்து கொடுக்கும். கடைசியில் பார்த்தவர்தான் சரி என்று ஊர் ஒப்புக்கொள்ளும். அந்தக் கடைசிக் காட்சிக்காகத்தான் நாம் டிக்கெட் வாங்கினோம். மறைந்திருந்து அடுத்தவன் கொல்லையைப் பார்ப்பது அவமானமான காரியம் என்ற நினைப்பே வராமல், பார்த்தது நல்லதாயிற்று என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பார்த்தவர் தவறு, குழியில் வைத்தது மாங்கன்று என்று முடியும் படத்தை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் இடைவேளையிலேயே எழுந்து வந்திருப்பேன்.

மோட்டார் கொட்டகையில் ஒயர் திருட்டுப் போனதும் நீ கம்பம் நட்டு சிம் கார்டு போட்ட கேமரா வைத்தாய். நான் வீட்டுக் கூடத்தில் வழுக்கி விழுந்த பிறகு அங்கேயும் ஒன்று வைத்தாய். வயல் கேமராவின் படம் எனக்காக டிவியில் தெரியும்படி செய்தாய். அதன்பிறகு நான் சீரியலை விட்டேன். அந்தச் சதுரம்தான் என் படம். வரப்பில் யார் நடந்தாலும் உனக்கு போன் செய்வேன். "கொட்டகை நிழல்ல உக்காந்திருக்கிறது யாரு?" என்றால், "நான்தாம்மா, இட்லி சாப்பிடறேன். சட்னியும் தெரியுதா?" என்பாய். சி.ஐ.டி. அம்மா என்று பெயர் வைத்தாய். நடவுக்கு வந்த பெண்கள் கேமராவுக்குக் கையாட்டுவார்கள். ஒருத்தி டம்ளரைத் தூக்கிக் காட்டி என்னவோ சொல்வாள், மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். என்ன சொன்னாள் என்று உன்னைக் கேட்டேன். "டீ இப்பத்தான் வந்துச்சு, லேட்டுன்னு அம்மா எழுதிக்கிடட்டும்னா" என்றாய். நானும் சிரித்தேன். ஆனால் மனதுக்குள் அது சரிதான், யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். உனக்கு மழைக்கோட்டு வாங்கியபோதும் நீலம் வேண்டாம், மஞ்சள் கொடுங்கள் என்றேன். எந்த மழையிலும் எனக்கு நீ தெரிய வேண்டும் என்று வாங்கிய கோட்டு அது.

ஐப்பசியில் உனக்கும் கலியபெருமாளுக்கும் நடந்த மனஸ்தாபத்தை ஊர் அறியும். நம் வயல் தண்ணீர் அவர் வயல் ஓரமாகத்தான் வடிவாய்க்காலுக்குப் போக வேண்டும். அவர் வயல் பள்ளம். நாற்று பிஞ்சு, இப்போது விட முடியாது என்றார். நீ கோபத்தோடு வந்து சாப்பிட உட்கார்ந்தாய். "இவரு இப்படியே பண்ணாருன்னா ஒரு நாளைக்கு வரப்ப வெட்டிவிட்டுட்டு வந்துடுவேன் பாருங்க" என்றாய். உடனே சிரித்தாய். "அப்புறம் மாமா வந்து நம்ம வீட்டு வாசல்ல படுத்துக்குவாரு, அவருக்கும் சேத்து நீங்கதான் சோறு போடணும்" என்று சொல்லி இன்னொரு கரண்டி ரசம் கேட்டாய். இதை நான் இங்கே முழுதாக எழுதக் காரணம் இருக்கிறது.

கார்த்திகை மழையில் அந்தச் சாயங்காலம் நான் டிவி முன்னால்தான் இருந்தேன். காபி கலக்க உள்ளே போய் வந்தேன். வந்தபோது திரையில் மஞ்சள் கோட்டு. வரப்பில் ஒரு வாய் திறந்து தண்ணீர் கலியபெருமாள் பக்கம் பாய்ந்துகொண்டிருந்தது. நீ மண்வெட்டியை ஓங்கி அதன் ஓரத்தில் வெட்டினாய். ஒரு கட்டி மண் சரிந்தது, தண்ணீர் இன்னும் அகலமாகப் போயிற்று. மறுபக்க ஓரத்தையும் வெட்டினாய். பிறகு நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தாய், அந்தப் பக்கம் பார்த்தாய். யாரும் இல்லை. வேகமாகத் திரையை விட்டு வெளியே போனாய். மின்சாரம் நின்றது. நான் கண்டது இவ்வளவுதான். இருண்ட டிவி முன்னால் காபி ஆறும்வரை உட்கார்ந்து மீதிப் படத்தை நானே எடுத்து முடித்தேன்.

நீ நனைந்து வீட்டுக்கு வந்தாய். உடம்பில் கோட்டு இல்லை. அடையாளம் தெரியக் கூடாது என்று எங்கேயோ எறிந்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. மகனைப் பற்றி ஒரு தாய்க்குத் தோன்றும் எண்ணமா அது? எந்தப் படத்தில் பார்த்தேன் என்றுகூட நினைவில்லை, ஆனால் படத்திலிருந்துதான் வந்தது. நீ, "அம்மா, அந்த வரப்புல..." என்று ஆரம்பித்தாய். "முதல்ல தலையைத் துவட்டு, ஜுரம் வரும்" என்று துண்டை எறிந்துவிட்டு உள்ளே போனேன். நீ சொல்வதற்கு முன்பே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். சாட்சியைக் கேட்டால் தீர்ப்பைத் திருத்த வேண்டிவரும் என்று பயந்தேனோ என்னவோ.

விடிந்ததும் நீ மண் மூட்டைக்குச் சாக்கு வாங்கக் கும்பகோணம் போய்விட்டாய். வரப்பு பல ஆள் நீளத்துக்கு அடித்துக்கொண்டு போயிருந்தது, கலியபெருமாளின் நாற்று நுனிகூடத் தெரியவில்லை. மதியம் பயிர்ச்சேதம் பார்க்க அதிகாரிகள் வந்து சமுதாயக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். நீயும் அப்போதுதான் வந்து பின்னால் நின்றாய். கலியபெருமாள் எழுந்து, "மழை அடிச்சா மழையக் கேக்க முடியாதுங்க. ஆனா அங்க மண்வெட்டி விழுந்த தடம் கெடக்கு. யாரு வெட்னதுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க" என்றார். நான் எழுந்தேன்.

"என் மகன்தான் வெட்டினான். என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

நீ முன்னால் வந்தாய். "அம்மா, நான் அடைச்சேம்மா."

"நீ வெட்டினதை நான் பாத்தேன்."

"அடைக்கிறதுக்கும் மொதல்ல வெட்டணும்மா."

பின்னால் யாரோ, "அடேயப்பா, இது புது வெவசாயமால்ல இருக்கு" என்றான். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உதவியாக இருந்தது. பெரியவர்கள் முன்னால் பொய் பேசாதே என்று உன்னை அதட்டினேன். அதோடு நிறுத்தவில்லை. வரப்பை வெட்டிவிடுவேன் என்று நீ சாப்பாட்டில் சொன்னதை எடுத்து அந்தக் கூட்டத்தில் வைத்தேன். வாக்கியத்தைச் சொன்னேன்; சிரிப்பைச் சொல்லவில்லை. கலியபெருமாளுக்கும் சேர்த்துச் சோறு போடச் சொன்னதைச் சொல்லவில்லை. ரசம் கேட்டதைச் சொல்லவில்லை. எனக்கு எது தேவையோ அதை மட்டும் வெட்டி ஒட்டினேன். உன் அப்பா பஸ்ஸில் சொன்னாரே, ஒட்டுவது நாம்தான் என்று. அன்று ஊர் பார்த்த படத்தை ஒட்டியவள் நான்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு கலியபெருமாள் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "மாமா, என்கிட்ட மிச்ச நாத்து இருக்கு. ஒங்க வயலுக்கு நான் நட்டுத் தர்றேன்" என்றாய். ஒப்புக்கொண்டான் என்று ஊர் முடிவு கட்டியது. நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். தண்ணீர் வடிந்ததும் நீ புது மண் போட்டு அந்த வரப்பை எழுப்பினாய், சொன்னபடி அவர் வயலை நட்டு முடித்தாய். அப்பா போன பிறகு எந்த வேலையை விட்டுவிட்டு இந்த நிலத்துக்காக வந்தாயோ அதே வேலையைத் தேடி மஸ்கட்டுக்கு டிக்கெட் போட்டாய். கிறிஸ்துமஸுக்கு இருந்துவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை. கார் வந்து நின்றபோது ஜெசிந்தா உன் மகளை அதில் ஏற்றிவிட்டு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நிமிர்ந்து, "நீங்க பாத்தீங்க அத்தை. கேக்கலை" என்றாள். மருமகள் வாய் துடுக்கு என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் கலியபெருமாள் வாசலில் வந்து நின்றார். நம் அறுவடையையும் அவர்தான் ஆள் வைத்து முடித்துக் கொடுத்திருந்தார், அது உனக்குத் தெரியும். அவருடைய கதிர் இன்னும் நின்றது. "எலி வெட்டுதுன்னு அந்த வரப்புல வளை தோண்டுனேன் அக்கா. ஒரு சமாச்சாரம் இருக்கு. நான் எடுக்கல. எடுத்தாந்தா நான் கொண்டாந்து வச்சேம்பீங்க. நீங்களே வந்து பாருங்க" என்றார். நான் அப்படிச் சொல்லக்கூடியவள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அந்த வரப்பில் கால் வைத்ததில்லை. குதிகாலில் சேறு பட்டால் கான்வென்ட் குறைந்துவிடும் என்று இருந்தவள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். தோண்டிய இடத்தில் புது மண்ணுக்குக் கீழே பழைய அடைப்பு தெரிந்தது. மூங்கில் முளைக்குச்சிகள் அடிக்கப்பட்டிருந்தன, அவற்றுக்கு இடையில் கறுத்துப்போன வைக்கோல், அதற்கு நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு கை. உன் கோட்டின் கை. வைக்கோலைச் சுருட்டி உள்ளே திணித்து, அது ஓடிவிடாமல் இருக்கக் கோட்டைக் கழற்றிச் சுற்றியிருக்கிறாய். உடைந்த வாயில் இளகின மண்ணைச் செதுக்கி எடுத்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது என்று கலியபெருமாள் சொன்னார். நான் பார்த்த இரண்டு வெட்டும் அதுதான். நீ இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தது, கைகொடுக்க ஒரு ஆள் இருக்கிறானா என்று. திரையை விட்டு ஓடியது, கொட்டகையிலிருந்து வைக்கோல் எடுத்துவர. மின்சாரம் இருந்திருந்தால் நீ திரும்பி வந்ததையும் பார்த்திருப்பேன். ஆனாலும் தண்ணீர் நிற்கவில்லை, அந்த இரவு மழை அடைப்புக்குப் பக்கத்து மண்ணைக் கொண்டுபோய் அடைப்பையும் முழுகடித்துவிட்டது. அது உன் குற்றமில்லை.

"அப்ப உடைச்சது யாரு?" என்று கேட்டேன். அப்போதும் எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

கலியபெருமாள் பக்கத்து மண்ணில் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார். "நண்டுக்கா. இந்த வரப்பு பூரா நண்டு. எந்த ஸ்டேஷன்ல புடிச்சுக் குடுக்கப் போறீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொன்றையும் உன்னிடம் ஒளிக்கக் கூடாது. அந்த மஞ்சள் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே என் மூளை, முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பயந்துபோய் அடைத்திருக்கலாமே என்று கேட்டது. அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். கலியபெருமாளுக்கு முகம் மாறியது. "ஏன்க்கா, கோட்டு, முளை, நண்டு எல்லாம் இருக்கட்டும். தம்பியை ஒரு தடவை கேட்டீங்களா? அன்னைக்கு நானும் கேக்கல. அந்தப் பாவம் எனக்கும் இருக்கு. நீங்க பெத்தவங்க, நீங்க கேட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். அருள், சாட்சிப் பொருள் கிடைத்ததால் உன்னை நம்புகிறேன் என்று நினைத்துவிடாதே. அந்தக் கோட்டு மக்கிப்போயிருந்தாலும் என் குற்றம் இதே அளவுதான். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையைச் சின்ன வயதிலிருந்து ஒப்பித்தவள் நான். பொய்ச்சாட்சி என்றால் தெரிந்தே சொல்லும் பொய் என்றுதான் நினைத்திருந்தேன். பாதி மட்டும் பார்த்துவிட்டு முழுதும் சொல்வதும் அதுதான்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் கண்ணைக் காரணம் காட்ட ஆரம்பித்தார்கள். புது விவசாயம் என்று சிரித்தவனே, "விடுங்கம்மா, டிவியில புள்ளிப் புள்ளியாத்தான தெரியும்" என்று ஆறுதல் சொன்னான். கேமராவையும் மின்சாரத்தையும் மழையையும் குற்றம் சொல்ல எல்லாரும் தயாராக இருந்தார்கள். கேமரா அதன் வேலையைச் சரியாகச் செய்தது. அது ஒரு மனிதன், ஒரு மண்வெட்டி, ஓடும் தண்ணீர் என்று காட்டியது. குற்றவாளி என்று அது எங்கேயும் காட்டவில்லை.

கலியபெருமாள் உனக்கு போன் செய்து சொல்வதாக இருந்தார். நான்தான் தடுத்தேன், சபையில் சொன்ன வாய்தான் திருத்த வேண்டும் என்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ வீடியோவில் வரும்போது என்னால் முடியவில்லை. "நல்லா இருக்கேம்மா, நீங்க?" என்கிறாய். உன் கண்ணுக்குக் கீழே கறுப்பு தெரிந்தால் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். நீ சிரித்தால் மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன். சிரிக்காவிட்டால் மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன். போனை வைத்த பிறகு ஒரு வாரம் அந்த முகத்தை வைத்துக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பழைய வியாதி போகவில்லை என்பது எனக்கே தெரிகிறது.

வீட்டுக் கூடத்துக் கேமராவின் சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது. நீ அதில் பார்க்கிறாயா என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் ஒரு கிழவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஜபமாலை உருட்டுவது தெரியும். அம்மா நிம்மதியாக இருக்கிறாள் என்றோ, இவ்வளவு செய்துவிட்டு எப்படித்தான் ஜெபிக்கிறாளோ என்றோ நீ நினைக்கலாம். இரண்டும் சரியில்லை. மணியைத் தள்ளுகிறேன், ஜெபம் வருவதில்லை. இதை நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும். பார்க்கப்படுகிறவளாக உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இது விளங்கியது. உன் மகள் வளர்கிறாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்க உனக்கு என்னைவிட நல்ல கருவிகள் கிடைக்கும். வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதையாவது பார்த்து மனம் பதறினால் அவளை உட்கார வைத்துக் கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிரு. துண்டை எறியாதே.

உன்னிடம் எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அன்று கேட்டிருக்க வேண்டியவளாக இப்போது கேட்கிறேன். முதலாவது: நீயே மண் போட்டு மூடிய வரப்பு அது. கோட்டு அதற்குள் இருப்பது உனக்குத் தெரியும். கலியபெருமாள் வயலை நட்ட நாட்களில் உன் காலடியிலேயே கிடந்தது. ஒரு வெட்டு வெட்டினால் ஊரே வாயடைத்திருக்கும். ஏன் தோண்டி எடுக்கவில்லை? என்னைப் பொய்யாக்க வேண்டாம் என்றா? தோண்டிக் காட்டித்தான் தாயை நம்ப வைக்க வேண்டுமென்றால் அந்த நம்பிக்கையே வேண்டாம் என்றா? எனக்குத் தோன்றுகிற பதில்களை எழுதிக்கொண்டே போகலாம். எழுத மாட்டேன். உன் பதிலை நீ சொல்.

இரண்டாவது: மேட்டூர் திறந்தால் குறுவைக்கு நாற்று விட வேண்டும். கலியபெருமாள் வந்து, "தம்பி வர்றாரா, இல்ல நான் பாத்துக்கவா?" என்று கேட்கிறார். வராவிட்டாலும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வருவாயா, மாட்டாயா என்று மட்டும் தெரிய வேண்டும்.

போனில் வேண்டாம். வீடியோவில் வேண்டவே வேண்டாம். உன் முகத்தைப் பார்த்தால் நான் மறுபடி நானாக ஏதாவது முடிவு கட்டிவிடுவேன். ஒரு தாளில், உன் கையெழுத்தில், இரண்டு கேள்விக்கும் பதில் எழுதித் தபாலில் அனுப்பு. எத்தனை கடுமையாக இருந்தாலும் கடைசி வரிவரை படிப்பேன்.

அம்மா